மூன்று பேர், ஒரு படகு: அடிமைமுறை முடிந்த வழியில் ஆறு நாள்

முதல் நாள் – வாஷிங்டன்

அமெரிக்காவில் மகள் வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆயிற்று. "லீவு போட்டிருக்கேன், எங்கேப்பா போகலாம்?" என்று கேட்டாள். நயாகரா என்று சொல்வேன் என நினைத்திருப்பாள். நான் ஒரு தாளில் நாலைந்து ஊர் எழுதிக் கொடுத்தேன்.

முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவன் நான். "1863-ல் லிங்கன் அடிமைகளை விடுதலை செய்தார்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருக்கிறேன். அந்த வரி என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. என் தாத்தா கீழத்தஞ்சையில் பண்ணையாளாக இருந்தவர். மேலே இருக்கும் ஒருவர் கையெழுத்துப் போட்டால் மறுநாள் காலை எல்லாம் மாறிவிடாது என்பது எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அப்படியிருக்க, வகுப்பில் மட்டும் ஏன் அப்படிச் சொன்னேன்?

முதலில் யூ தெருவுக்குப் போனோம். அடிமைமுறையை விடாத தெற்கு மாநிலங்கள் தனி நாடாகப் பிரிந்ததால் 1861-ல் மூண்ட உள்நாட்டுப் போரில் வடக்குப் பக்கம் நின்று போரிட்ட கறுப்பினப் படைவீரர்களுக்கான நினைவிடம் மெட்ரோ நிலைய வாசலிலேயே இருக்கிறது. நடுவில் துப்பாக்கி ஏந்திய வெண்கல வீரர்கள். பின்னால் வளைந்த சுவர்களில் படைப்பிரிவு வாரியாகப் பெயர்கள், மொத்தம் 2,09,145. அந்தப் பிரிவுகளின் வெள்ளை அதிகாரிகளும் அதில் அடக்கம். ஒரு வரிசையை விரலால் தொட்டுக்கொண்டே நடந்தேன், பாதிச் சுவர்கூடத் தாண்டவில்லை. இவர்களில் பெரும்பாலோர் போர் தொடங்கியபோது இன்னொருவரின் சொத்தாக இருந்தவர்கள். சண்டைக்கு வந்த பிறகும் வெள்ளை வீரருக்கு மாதம் 13 டாலர், இவர்களுக்கு 10, அதிலும் உடுப்புக்கென்று 3 பிடித்தம். 1864 ஜூனில்தான் சம சம்பளத்துக்குச் சட்டம் வந்தது.

இந்தத் தலைநகரத்தில் லிங்கனின் விடுதலைப் பிரகடனத்துக்கு எட்டு மாதம் முன்பே, 1862 ஏப்ரல் 16-ல், அடிமைமுறை ஒழிந்துவிட்டது. ஏறக்குறைய 3,100 பேர் விடுதலை ஆனார்கள். ஆளுக்கு 300 டாலர் வரை நஷ்ட ஈடு. வாங்கியது யார் என்றால், உடைமையாளர்கள். யாருக்கு என்ன விலை என்று மதிப்பிட அடிமை வியாபாரி ஒருவரையே வரவழைத்திருந்தார்கள். உழைத்தவருக்கு ஒரு காசு கிடையாது. நாட்டை விட்டுப் போகச் சம்மதித்தால் மட்டும் 100 டாலர் வரை தருவதாகச் சொன்னது அந்தச் சட்டம்.

இரண்டாம் நாள் – மன்றோ கோட்டை

இந்தப் பயணமே இந்த இடத்துக்காகத்தான்.

வர்ஜீனியாவின் தென்கிழக்கு மூலையில், கடல் வளைகுடாவுக்குள் நீளும் ஒரு மண் நாக்கு. பாயிண்ட் கம்ஃபர்ட் என்று பெயர். 1619-ல் ஆங்கிலக் குடியேற்றத்துக்கு முதன்முதலாக ஆப்பிரிக்க மனிதர்களைக் கொண்டுவந்து இறக்கியது இங்கேதான். "இருபதுக்குச் சொச்சம்" என்று அன்றைய கடிதம் ஒன்று கணக்குச் சொல்கிறது. அதே கரையில் பிற்காலத்தில் எழுந்தது இந்தக் கோட்டை. ஆறு பக்கம், சுற்றிலும் அகழி. கட்டியவர்களில் வாடகைக்கு அமர்த்தப்பட்ட அடிமைகளும் உண்டு. வாடகைப் பணம் போனது உடைமையாளருக்கு.

கோட்டைச் சுவரில் கை வைத்துப் பார்த்தேன். ஈரக் கருங்கல். இணைப்புகளில் பாசி. ஒவ்வொரு கல்லிலும் உளி போன கோடு இன்னும் தெரிகிறது.

மதில்மேல் ஏறி நின்றால் தெற்கே தண்ணீருக்கு அப்பால் சீவெல்ஸ் முனை தெரியும். இன்று அங்கே பெரிய கடற்படைத் தளம், சாம்பல் நிறப் போர்க்கப்பல்கள். 1861 மே மாதம் அங்கே தெற்குப் படை பீரங்கி மேடை கட்டிக்கொண்டிருந்தது, இந்தக் கோட்டையைக் குறிவைத்து. மண் சுமந்தவர்கள் அடிமைகள். அவர்களில் மூவர் ஃபிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மல்லோரி, ஜேம்ஸ் டவுன்சென்ட். அடுத்ததாக அவர்களைக் கரோலினாவுக்கு அனுப்பப் போவதாகத் தெரியவந்தது. போனால் பெண்டாட்டி பிள்ளைகளைத் திரும்பப் பார்ப்பது நிச்சயமில்லை.

மே 23. வர்ஜீனியா வாக்காளர்கள் நாட்டை விட்டுப் பிரிவதை உறுதி செய்த நாள். அன்று இரவு மூவரும் ஒரு சிறு படகில் ஏறித் துடுப்புப் போட்டு இந்தக் கோட்டைக்கு வந்து சேர்ந்தார்கள்.

அந்தத் தண்ணீரை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கோட்டைக்குள் இருந்த வடக்குப் படை அவர்களை ஏற்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. தப்பியவரைப் பிடித்துத் திருப்பிக் கொடு என்பதுதான் அன்றைய நாட்டின் சட்டம், 1850-ல் போட்டது. போர் அடிமைமுறையை ஒழிக்க அல்ல, நாட்டை ஒன்றாக வைக்கத்தான் என்று லிங்கனே சொல்லிக்கொண்டிருந்த நேரம். திருப்பி அனுப்பியிருந்தால் முதுகுத்தோல் மிஞ்சியிருக்காது. இத்தனையும் தெரிந்துதான் துடுப்பைப் பிடித்தார்கள்.

கோட்டைத் தளபதி பெஞ்சமின் பட்லர் வந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. தொழில் வக்கீல். அடிமை ஒழிப்புக்காரர் அல்ல. முந்தைய வருடக் கட்சி மாநாட்டில் ஜெஃபர்சன் டேவிஸை வேட்பாளராக்கத் திரும்பத் திரும்ப வாக்களித்தவர். அந்த டேவிஸ்தான் பிற்பாடு தெற்கின் அதிபர். போர் முடிந்ததும் இதே கோட்டையில் கைதியாக அடைபட்டார். அந்த அறையையும் இன்று பார்த்தோம். ஈரம் சொட்டும் செங்கல் வளைவு, ஒரு கட்டில், ஒரு சன்னல்.

மறுநாள் எதிர்ப்பக்க மேஜர் ஒருவர் வெள்ளைக் கொடியோடு வந்து மூவரையும் கேட்டார். சட்டப்படி நீங்கள் தந்தாக வேண்டும் என்றார். பட்லர் சொன்ன பதிலின் சாரம் இது: நீங்கள் தனி நாடு என்கிறீர்கள். அந்நிய நாட்டுக்கு எங்கள் சட்டம் செல்லாது. எங்களைச் சுட பீரங்கி மேடை கட்ட இவர்களைப் பயன்படுத்தினீர்கள். ஆகவே இவர்கள் போரில் பிடிபட்ட பறிமுதல் சரக்கு.

சரக்கு. அந்தச் சொல் எனக்கு இனிக்கவில்லை. அவர்களை மனிதர் என்று சொல்லாமல், பொருள் என்று ஒத்துக்கொண்டே பட்லர் காப்பாற்றினார். ஆனால் கதவு திறந்துவிட்டது. செய்தி எப்படிப் பரவியதோ, இரண்டு மூன்று நாளில் கும்பல் கும்பலாக வந்தார்கள். வேலை செய்யத் திடமுள்ள ஆண்கள் மட்டும் அல்ல, கிழவிகள், கைக்குழந்தைகள். பட்லர் மேலிடத்துக்கு எழுதிய கடிதத்தில் ஒரு கேள்வி இருக்கிறது: தகப்பன் உழைப்பையும் தாய் உழைப்பையும் வாங்கிக்கொண்டு பிள்ளைகளை ஏற்காமல் இருக்க முடியுமா? வக்கீல் வாதத்தில் தொடங்கியவரை நாலே நாளில் இந்தக் கேள்வியில் கொண்டுவந்து நிறுத்தியது வாசலில் நின்ற ஜனங்கள்தான்.

ஆகஸ்ட் 6-ல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது: கிளர்ச்சிக்குப் பயன்படுத்தப்பட்ட அடிமைகள் மீது உடைமையாளருக்கு இனி உரிமை இல்லை. மூன்று பேர் ஒரு படகில் வந்ததிலிருந்து எண்ணினால் இரண்டரை மாதம். நான் வகுப்பில் சொன்ன வரியில் அந்தப் படகு இல்லை.

மூன்றாம் நாள் – ஹாம்ப்டன்

கோட்டைக்குப் பக்கத்து ஊர் ஹாம்ப்டன். 1861 ஆகஸ்டில் இந்த ஊரைத் தெற்குப் படையே கொளுத்தியது, தப்பி வருகிறவர்களுக்கும் வடக்குப் படைக்கும் இருக்க இடம் ஆகிவிடக் கூடாது என்று. எரிந்தது போக நின்ற புகைபோக்கிகளைச் சுவராக வைத்துக் குடிசை போட்டுக் குடியேறினார்கள் தப்பி வந்தவர்கள். தெருக்களுக்கு லிங்கன், கிராண்ட் என்று பெயர் வைத்தார்கள். சாம்பலுக்கு மேல் ஒரு ஊர்.

ஹாம்ப்டன் பல்கலைக்கழக வாசலருகே அந்த ஓக் மரம் நிற்கிறது. இலை உதிர்க்காத வகை. விரிவு ஏறக்குறைய 100 அடி. எங்கள் ஊர் ஆலமரம் மாதிரி உயரத்தைவிட அகலம் அதிகம். கிளைகள் கீழே தாழ்ந்து மண்ணைத் தொடப் பார்க்கின்றன. நிழலுக்குள் போனதும் சாலைச் சத்தம் குறைந்துவிட்டது.

1861 செப்டம்பரில் மேரி பீக் இந்த நிழலில் பாடம் நடத்தத் தொடங்கினார். அடிமையாக இல்லாத கறுப்பினப் பெண். கறுப்பினத்தவரைக் கூட்டி வைத்து எழுத்து சொல்லிக் கொடுப்பது வர்ஜீனியாவில் குற்றமாக இருந்த காலத்திலேயே ரகசியமாகச் சொல்லிக் கொடுத்தவர். காசநோய். படுக்கையில் விழுந்த பிறகும் கட்டிலைச் சுற்றிப் பிள்ளைகளை உட்கார வைத்து நடத்தினாராம். 1862 பிப்ரவரியில் இறந்துபோனார். வாத்தியார் தொழிலில் முப்பது வருடம் இருந்த எனக்கு அந்த மரத்தடியில் உட்காரத் தோன்றவில்லை, நின்றுகொண்டே இருந்தேன்.

1863-ல் லிங்கனின் பிரகடனத்தை இதே மரத்தடியில் வாசித்தார்கள். ஆனால் பிரகடனத்தின் வாசகத்தைப் படித்தால் ஒன்று தெரியும். கிளர்ச்சியில் இருக்கும் பகுதிகளுக்கு மட்டும்தான் அது. ஏற்கனவே வடக்குப் படை கையில் இருந்த சில வட்டாரங்களைப் பெயர் சொல்லி விலக்கி வைத்தது. அந்தப் பட்டியலில் எலிசபெத் சிட்டி வட்டாரமும் உண்டு. ஹாம்ப்டன் அதற்குள் இருந்த ஊர். யாருக்காக வாசித்தார்களோ அவர்களுக்கு அந்தத் தாள் சட்டப்படி செல்லாது. கேட்டவர்களுக்கு அதனால் ஒன்றும் குறைந்ததாகத் தெரியவில்லை. அவர்கள் ஏற்கனவே நடந்து வந்துவிட்டவர்கள்.

நான்காம் நாள் – சாலையில்

நாள் முழுக்கக் கார். வட கரோலினாவில் சாலை ஓரமெல்லாம் பருத்தி வெடித்து நின்றது. ஒரு பெட்ரோல் பங்க் பின்னால் வயல் ஓரத்தில் உதிர்ந்து கிடந்த காய் ஒன்றை எடுத்தேன். பஞ்சு மெத்தென்று இருக்கிறது, அதைப் பிடித்திருக்கும் காய்ந்த ஓடு ஐந்து முள்ளாய் விரிந்து நிற்கிறது. அவசரமாகப் பஞ்சைப் பிடுங்கினால் நகக்கண்ணில் ஏறும். ஏறியது. நாள் முழுக்க, வெயில் முழுக்க, எடை குறைந்தால் சாட்டை என்ற பயத்தோடு இதைப் பறித்த கைகளை நினைத்தேன்.

"அப்போ சட்டப்படி எப்பப்பா முடிஞ்சுது?" என்று மகள் கேட்டாள்.

ஒரே நாளில் முடியவில்லை. பிரகடனம் போர்க்கால ஆணை. வடக்கோடு நின்ற கென்டக்கி, டெலவேர் போன்ற அடிமை மாநிலங்களை அது தொடவில்லை. படை முன்னேறிய இடத்தில்தான் அது நிஜமாயிற்று. டெக்சஸில் கால்வெஸ்டன் துறைமுகத்துக்கு ஆணை போய்ச் சேர்ந்தது 1865 ஜூன் 19, போர் முடிந்து இரண்டு மாதம் கழித்து. நாடு முழுவதற்கும் சட்டமானது அரசியல் சாசனத்தின் பதின்மூன்றாவது திருத்தத்தால்தான், 1865 டிசம்பர் 6. கென்டக்கியில் அதுவரை மனிதர்கள் உடைமையாகவே இருந்தார்கள். அந்தத் திருத்தத்திலும் ஒரு விலக்கு: குற்றத்துக்குத் தண்டனையாக என்றால் கட்டாய உழைப்பு செல்லும். அந்த ஓட்டை வழியே தெற்கு மாநிலங்கள் கைதிகளைச் சுரங்கத்துக்கும் தோட்டத்துக்கும் குத்தகைக்கு விட்டன. சும்மா திரிந்தான் என்பதையே குற்றமாக்கினார்கள்.

மகள் அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை.

ஐந்தாம் நாள் – எபனேசர் ஓடை, சவான்னா

ஜார்ஜியாவுக்குள் வந்துவிட்டோம். சவான்னாவுக்கு வடக்கே எபனேசர் என்று ஓர் ஓடை. தேயிலைச் சாயம் போன்ற கறுத்த தண்ணீர். அடி பருத்த சைப்ரஸ் மரங்கள் தண்ணீருக்குள்ளேயே நிற்கின்றன. ஒரு அலை இல்லை.

1864 டிசம்பர். வடக்குத் தளபதி ஷெர்மனின் படை அட்லாண்டாவிலிருந்து கடல் நோக்கி வருகிறது. தோட்டங்களை விட்டு வெளியேறிய ஆயிரக்கணக்கானோர் பின்னாலேயே நடக்கிறார்கள், மூட்டை முடிச்சோடு, பிள்ளைகளோடு. டிசம்பர் 9-ல் ஒரு படைப்பிரிவு இந்த ஓடையில் மிதவைப் பாலம் போட்டுக் கடந்தது. ஜனங்களை ஓரமாக நிற்க வைத்தார்கள். கடைசி வீரர் கடந்ததும் பாலத்தைச் சுருட்டிக்கொண்டார்கள். உத்தரவு போட்டவர் ஜெனரல் ஜெஃபர்சன் சி. டேவிஸ். தெற்கின் அதிபர் அல்ல, அதே பெயர் கொண்ட வடக்குத் தளபதி. பின்னால் தெற்குக் குதிரைப் படை வருகிறது. முன்னால் டிசம்பர் மாதத் தண்ணீர். குதித்தார்கள். பலர் மூழ்கினார்கள், மிஞ்சியவர்களில் பலர் பிடிபட்டார்கள். கரையிலிருந்த சில வீரர்கள் மரக்கட்டைகளைத் தள்ளிவிட்டுக் காப்பாற்றப் பார்த்தார்கள் என்பது ஒன்றுதான் அந்தக் காட்சியில் ஆறுதல்.

நாங்கள் நின்ற இடத்தில் ஒரு மீன்கூடத் துள்ளவில்லை. மகள் கரையில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். நான் சொல்லவில்லை, அவளாகவே.

இந்தச் செய்தி வாஷிங்டனில் சலசலப்பைக் கிளப்பியது. போர்த்துறைச் செயலர் ஸ்டான்டன் சவான்னாவுக்கே வந்தார். 1865 ஜனவரி 12 மாலை, பருத்தி வியாபாரி ஒருவரின் மாளிகையில் ஷெர்மனும் அவரும் இருபது கறுப்பினப் போதகர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். மேடிசன் சதுக்கத்தில் அந்த வீடு இன்னும் நிற்கிறது. வார்ப்பிரும்புத் தாழ்வாரம், கூர் வளைவுச் சன்னல்கள்.

போதகர்களின் சார்பில் பேசியவர் கேரிசன் ஃபிரேசியர், 67 வயது. எட்டு வருடம் முன்பு ஆயிரம் டாலரைத் தங்கமும் வெள்ளியுமாகக் கொடுத்துத் தன்னையும் மனைவியையும் விலைக்கு வாங்கி விடுவித்துக்கொண்டவர். கேள்வியும் பதிலும் அப்படியே எழுத்தில் இருக்கின்றன. அடிமைத்தனம் என்றால் என்னவென்று புரிந்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். எதிர்க்க முடியாத பலத்தால், இன்னொருவர் உழைப்பை அவர் சம்மதம் இல்லாமல் எடுத்துக்கொள்வது என்றார். உங்களை எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள் என்றால், நிலம் வேண்டும், அதை எங்கள் உழைப்பால் உழுது பயிர் செய்வோம் என்றார்.

நடுவில் ஸ்டான்டன் ஷெர்மனை வெளியே போகச் சொல்லிவிட்டு, இவரைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார். ஷெர்மனுக்கு அது கடைசிவரை ஆறாத கோபம். எனக்கு அந்த இடம் பிடித்திருக்கிறது. ஊரையே பிடித்த தளபதி கதவுக்கு வெளியே நிற்க, அவரைப் பற்றிச் சாட்சி சொல்ல, பெரும்பாலும் பிறவி அடிமைகளாக இருந்தவர்கள் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள்.

நாலாம் நாள் ஷெர்மனின் ஆணை வந்தது. சார்லஸ்டனிலிருந்து ஃபுளோரிடாவின் செயிண்ட் ஜான்ஸ் ஆறு வரை, கடலோரத்திலிருந்து 30 மைல் உள்ளே, குடும்பத்துக்கு 40 ஏக்கருக்கு மிகாமல். சுமார் 40,000 பேர் 4 லட்சம் ஏக்கரில் குடியேறினார்கள். ஏப்ரலில் லிங்கன் கொல்லப்பட்டார். அடுத்து வந்த ஆண்ட்ரூ ஜான்சன் பழைய முதலாளிகளுக்கு மன்னிப்புக் கொடுத்து, அந்த வருடம் முடிவதற்குள் நிலத்தையும் திருப்பிக் கொடுக்க உத்தரவிட்டார். விதைத்தவர்களைப் பட்டாளத்தை விட்டே வெளியேற்றினார்கள்.

சதுக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு வந்த கோபம் நூற்றைம்பது வருடப் பழைய கோபம் மாதிரி இல்லை.

ஆறாம் நாள் – போஃபோர்ட், செயிண்ட் ஹெலினா தீவு

திரும்பும் வழியில் தென் கரோலினாவின் தீவுகள். 1861 நவம்பர் 7-ல் வடக்குக் கப்பல்கள் இங்கே பீரங்கி சுட்டதும் தோட்ட முதலாளிகள் ஊரை விட்டே ஓடினார்கள். சுமார் 10,000 பேர் அவர்களோடு போக மறுத்துத் தங்கிவிட்டார்கள்.

போஃபோர்ட்டில் பிரின்ஸ் தெரு வீட்டைத் தெருவிலிருந்து பார்த்தோம். ராபர்ட் ஸ்மால்ஸ் பிறந்தது இந்த வளாகத்தில், அடிமைத் தாய்க்கு. 23 வயதில், 1862 மே 13 விடியற்காலை, சார்லஸ்டன் துறைமுகத்தில் அதிகாரிகள் கரைக்குப் போயிருந்த சமயம், தெற்குப் படையின் 'பிளான்டர்' கப்பலை அவரும் கூட்டாளிகளும் கிளப்பிக்கொண்டு போனார்கள். கப்பல் தலைவரின் வைக்கோல் தொப்பியை மாட்டிக்கொண்டு, கோட்டை கோட்டையாகச் சரியான சங்கு ஊதி, உள்ளே மனைவி மக்களோடு மொத்தம் 16 பேர். வெள்ளைத் துணியை ஏற்றி வடக்குக் கப்பலிடம் ஒப்படைத்தார். கிடைத்த பரிசுப் பணம் 1,500 டாலர். வரி பாக்கிக்காக ஏலத்துக்கு வந்தபோது, தன் தாயை வேலை வாங்கிய அதே வீட்டை வாங்கினார். பிறகு ஐந்து முறை நாடாளுமன்றத்துக்குப் போனார்.

போர்ட் ராயலில் ஆற்றோரம் ஓக் தோப்பு, கிளையெல்லாம் நரைத்த சடையாகப் பாசி. 1863 ஜனவரி 1 அன்று பிரகடனத்தை வாசித்தது இந்தத் தோப்பில். இங்கே அது அந்த நிமிடமே செல்லுபடி ஆயிற்று. கறுப்பினப் படைக்குக் கொடி கொடுக்கும்போது, நிகழ்ச்சி நிரலில் இல்லாமல், ஒரு வயசாளியின் உடைந்த குரல் தேசபக்திப் பாடலைத் தொடங்கியது. இரண்டு பெண் குரல்கள் சேர்ந்தன, பிறகு கூட்டம் முழுக்க. வெள்ளைக்காரர்களும் சேரப் பார்த்தபோது அந்தப் படையின் கர்னல் ஹிக்கின்சன் அவர்களைச் சும்மா இருக்கச் சொன்னார். அந்தப் பாட்டு அன்றைக்குத்தான் அவர்களுக்குச் சொந்தமாயிற்று.

பாலம் தாண்டினால் செயிண்ட் ஹெலினா. விடுதலை ஆனவர்களுக்கான பென் பள்ளிக்கூடம் 1862-ல் தொடங்கியது, போர் நடக்கும்போதே. அருங்காட்சியகத்தில் நெல் புடைக்கும் தட்டு ஒன்று. வட்டம், எங்கள் முறத்தைவிட அகலம், புல்லைச் சுருள் சுருளாகச் சுற்றி ஓலையால் தைத்தது. நெல் விவசாயம் தெரிந்தவர்கள் என்றே மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்டவர்களின் கைத்தொழில். என் பாட்டி புடைக்கும்போது எழும் அந்தச் சரசரப்பு காதில் கேட்டது.

இந்தத் தீவில் ஒரு விஷயம் வேறு மாதிரி நடந்தது. ஓடிப்போன முதலாளிகள் வரி கட்டவில்லை என்று 1863-லிருந்து நிலங்கள் ஏலத்துக்கு வந்தன. விடுதலை ஆனவர்கள் சிலர் கையில் இருந்த காசைச் சேர்த்து வாங்கினார்கள். அதற்குப் பத்திரம் இருந்தது. ஜான்சன் திருப்பிக் கொடுத்தபோது ஷெர்மன் கொடுத்த நிலம் போயிற்று, இந்த வரி ஏல நிலம் நின்றது.

சாலை ஓரம் கூடை விற்ற அம்மாவிடம் சின்னக் கூடை ஒன்று வாங்கினோம். புல்லை இழுத்துத் தைத்துக்கொண்டே பேசினார். பின்னால் இருக்கும் பத்து ஏக்கர் தன் பாட்டனாருக்குப் பாட்டனார் வாங்கியது என்றார். உயில் எழுதாமல் வாரிசு வாரிசாக வந்ததால், ஒரு பங்குதாரரை மடக்கி மொத்தத்தையும் ஏலம் விட வைக்கக் கட்டிட வியாபாரிகள் அலைகிறார்கள் என்றார். மகள் எனக்குத் தமிழில் சொன்னாள்.

எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில், தாத்தா காலத்துக்குப் பிறகு, 1971 குடியிருப்புச் சட்டத்தில் பாட்டி பெயருக்கு வந்த மனைப் பட்டா இருக்கிறது என்று அவரிடம் சொல்லச் சொன்னேன். எவ்வளவு நிலம் என்று கேட்டார். வீடு நிற்கும் இடம் மட்டும் என்றேன்.

தைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "காகிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். வைத்திருக்கிறோம் என்றேன். தலையை ஆட்டிவிட்டு மறுபடி ஊசியை எடுத்தார்.